கேட்ட குரலை நேரில் பார்க்கப் போனேன்: சென்னைப் புத்தகக் காட்சியில் தனியாக இரண்டு நாள்

2024 ஜனவரி 8, திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்திருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலாளி, "இன்னைக்கு லீவும்மா, மழை" என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை. கடை லீவு தெரியும், ஸ்கூல் லீவு தெரியும். புத்தகக் காட்சிக்கு எப்படி லீவு விடுவார்கள்? "நாளைக்கு இருக்குமாண்ணே?" என்று கேட்டேன். "மழை விட்டா இருக்கும்" என்றார். அன்று ராத்திரி எட்டரைக்கு ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். இதெல்லாம் நடக்கலாம் என்று முன்னாலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். கையும் கண்ணும் துணியில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது என்று ஒலிநூல் கேட்க ஆரம்பித்தேன். மூன்று வருஷத்தில் எத்தனை நாவல் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ஒரு அம்மா வாசித்த நாவல்கள் எனக்குத் தனி. கிழவி பேசும் இடம் வந்தால், பேச்சு தொடங்கும் முன்னாலேயே ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சிலேயே கிழவிக்கு எழுபது வயதா எண்பதா என்று தெரிந்துவிடும். என் அப்பா இறந்த மாதத்தில் தூக்கம் வராத ராத்திரிகளில் அந்தக் குரலைப் போட்டுக்கொண்டுதான் ஹெம்மிங் செய்வேன். பிடித்த இடம் வந்தால் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். "3 மணி 12 நிமிஷம், கிணத்தடி" என்று அந்த மாதிரி நாற்பது குறிப்பு இருந்தது. அவர் திங்கட்கிழமை மாலை 5 மணிக்குப் புத்தகக் காட்சியில் ஒரு பதிப்பகத்தின் அரங்குக்கு வருகிறார் என்று அறிவிப்பைப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தையல்காரிக்கு வருஷத்திலேயே வேலை குவியும் நாட்கள். எங்கள் அம்மா, "ரெண்டு புஸ்தகத்துக்கா இம்புட்டுத் தூரம் போற?" என்று கேட்டது. புத்தகத்துக்காகப் போகவில்லை என்று அதற்கு எப்படிச் சொல்வேன்?

என் திட்டம் ஒரே நாள்தான். ஞாயிறு ராத்திரி பஸ், திங்கள் பூரா புத்தகக் காட்சி, திங்கள் ராத்திரி பஸ். ரூம் வேண்டாம். போக வர 1,120 ரூபாய், சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கும் 400, புத்தகத்துக்கு 4,500. மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு விடிவதற்குள்ளேயே உடைந்தது. கோயம்பேட்டில் இறங்குவதாகத்தான் நினைத்திருந்தேன். கிளாம்பாக்கம் புதுப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்து, தெற்கே இருந்து வரும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடும் என்பது பேப்பரில் எல்லாம் வந்த செய்தி. நான் தலைப்பைப் பார்த்ததோடு சரி, அது என் பயணத்தையும் தொடும் என்று தோன்றவில்லை. அங்கிருந்து நந்தனம் 25 கிலோமீட்டருக்கு மேல். கொட்டுகிற மழையில் எது எங்கே போகிறது என்று தெரியாமல் பயந்து, கேட்ட 900 ரூபாயைக் கொடுத்து ஆட்டோவில் ஏறிவிட்டேன். தென்மாவட்டத்தில் இருந்து வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கிளாம்பாக்கத்தில் மாநகரப் பேருந்து பிடித்து கிண்டிக்கு வாருங்கள், அல்லது தாம்பரம் வந்து மின்சார ரயிலில் கிண்டிக்கு வாருங்கள். கிண்டி ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. சின்னமலை, சைதாப்பேட்டை, அடுத்தது நந்தனம். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது. ரயில் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் பொங்கலை ஒட்டிய நாட்களில் அந்த டிக்கெட் திறந்த கையோடு தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் வாசலில்தான் தெரிந்தது. மழை இல்லாமல் திறந்திருந்தாலும் அந்த வருஷம் வேலை நாட்களில் பிற்பகல் 2 மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். விடுமுறை நாட்களில்தான் காலை 11 மணி. விடிகாலையில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரருக்கு ஏழெட்டு மணி நேரம் பையோடு எங்கே இருப்பது என்ற கேள்வி எப்படியும் வரும். குளிக்க, உடை மாற்ற, கொஞ்சம் கண்ணயர ஓர் இடம் பார்த்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் எழும்பூர் ஸ்டேஷன் ஓய்வறையை டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். பஸ்ஸில் வந்த எனக்கு அந்த வழியும் இல்லை.

லீவு விட்டதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அது நிரந்தரக் கட்டடம் இல்லை, மைதானத்தில் தகரம் வேய்ந்து போட்ட கொட்டகை. கீழே பலகை, அதன்மேல் விரிப்பு. மேலே ஒழுகினால் பதிப்பாளரின் முதல் முழுக்க ஊறிப்போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தால் அடுத்த ஜனவரியில் நடக்க வேண்டிய காட்சியையே தள்ளிவைத்து, 2016 ஜூனில் தீவுத்திடலில் நடத்தினார்கள். நான் வருவதற்கு முந்தின மாதமும், 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியெடுத்தது. அதே மாதம் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளம். இவ்வளவு பார்த்தும் தை பிறக்கப் போகிறதே, மழை ஓய்ந்திருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வானிலை மைய அறிவிப்பை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் டிக்கெட்டை மாற்றியிருப்பேன்.

அன்றைக்கு மிகவும் நொந்துபோனது ரூம் தேடியபோதுதான். பதிப்பகத்தின் இணையப் பக்கத்தில் பகல் ஒரு மணிக்கு, "நிகழ்ச்சி நாளை மாலை அதே நேரம்" என்று போட்டிருந்தார்கள். தங்குவதா, திரும்புவதா? நந்தனம் மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் யோசித்தேன். தங்குவது என்று முடிவு செய்தேனே தவிர, ராத்திரி பஸ் டிக்கெட்டை நேரத்துக்கு ரத்து செய்யாமல் கோட்டைவிட்டேன், 560 ரூபாய் போனது. தி.நகர்ப் பக்கம் முதலில் போன லாட்ஜில் ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா" என்றார்கள். நாற்பத்திரண்டு வயது எனக்கு. என் கையால் சம்பாதித்த பணம் என் பையில் இருக்கிறது. ஈரப் பாவாடையோடு தெருவில் நின்று அழுதேன். அடுத்த இடத்தில் 1,600 ரூபாய் கேட்டார்கள், பேரம் பேசத் தெம்பில்லாமல் கொடுத்தேன். பெண்கள் தனியாகக் கிளம்பும்போது ரூம் தேவைப்படாது என்று தோன்றினாலும், இரண்டு இடத்துக்கு முன்கூட்டியே போன் போட்டு, "நான் ஒருத்திதான் வர்றேன், ரூம் தருவீங்களா?" என்று கேட்டு, சரி என்று சொன்ன ஆளின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பதிவு செய்திருந்தாலும் இந்த ஒரு கேள்வியைப் போனில் கேட்டுவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தால் போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தம். ஊருக்கு எப்படிப் போவோம் என்று வயிற்றில் புளி கரைத்தது. காலை ஏழு மணிக்கே அன்று ராத்திரிக்குத் தனியார் பஸ்ஸில் 1,100 ரூபாய்க்கு டிக்கெட் போட்டேன். பிறகு வெளியே வந்து பார்த்தால் அரசு பஸ்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுநாளே போராட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டார்கள். மதியம் வரை பொறுத்திருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

இரண்டு மணிக்குப் பத்து ரூபாய் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது: ஈரச் சாக்கு, புதுக் காகிதம், பசை, எங்கிருந்தோ மிளகாய் பஜ்ஜி. சேற்றில் என் செருப்பு வார் அறுந்து, பலகை மேல் வெறுங்காலோடுதான் முதல் வரிசையைச் சுற்றினேன். சுமார் 900 அரங்குகள். 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு அரங்கோடு தொடங்கியதாம் இது. எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாளைக்கு வந்தால் எதையும் பார்க்க முடியாது. நான் முதல் ஒரு மணி நேரத்தை, எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும் புத்தகங்களைப் புரட்டுவதில் வீணாக்கினேன். வீட்டிலேயே அரங்கு எண்களைப் பட்டியலில் பார்த்து, சிறு பதிப்பகங்களை முதலிலும் பெரிய கடைகளைக் கடைசியிலும் வருகிற மாதிரி எழுதிக்கொண்டு போங்கள். பத்து வருஷம் முன்னால் அச்சடித்து மீந்துபோன பிரதி, ஆசிரியரே மேசை போட்டு விற்கும் கவிதைத் தொகுப்பு, இவைதான் வேறு எங்கும் சிக்காதவை. கையில் ரொக்கம் இருக்கட்டும். தகரக் கொட்டகைக்குள் நெட்வொர்க் இழுத்தடித்ததில், எனக்குப் பணம் போய் மூன்று நிமிஷம் கழித்துத்தான் கடைக்காரருக்குச் செய்தி வந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று நுழைந்ததுமே பார்த்துவிடுங்கள். நான் தண்ணீர் குடிக்காமலே சமாளிக்கலாம் என்றிருந்து, ஐந்து மணிக்குள் தலை இடியாய் இடித்தது.

நாலரைக்கே அந்த அரங்குக்குப் போய்விட்டேன். பத்துக்குப் பத்து அடிதான் இருக்கும். நாவலை எழுதியவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், அவரைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர். கையெழுத்து, செல்ஃபி. நான் ஓரத்தில் அடுக்குக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, காட்டன் சேலை, தோளில் ஜோல்னாப் பை, அவரும் என்னைப் போலவே ஒதுங்கி நின்றார். பத்து நிமிஷத்துக்கு மேல் இருவரும் அப்படியே நின்றோம். ஒரு தடவை அவருக்கு வழிகூட விட்டேன். அப்புறம் அவர் கல்லாவில் இருந்த பையனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த "கொஞ்சம்"! மூன்று வருஷமாக என் காதுக்குள் இருந்த "கொஞ்சம்". முகம் எனக்குத் தெரியாது, அவர் படத்தை எங்கேயும் பார்த்ததில்லை. "அக்கா, நீங்கதானே?" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தது ஒன்றும் நினைவில்லை. அளவு நோட்டைத் திருப்பி நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்பது குறிப்பையும் படித்தார். "கிணத்தடி" என்ற இடத்தில் விரலை வைத்து, "இது மே மாசம் படிச்சது கண்ணு. ஃபேன் சத்தம் விழும்னு நிறுத்திட்டு, சேலை முழுக்க வேர்வை. ஒரு மணி நேரம் நீ கேக்கறதுக்கு நான் ரெண்டு மூணு மணி நேரம் படிக்கணும்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தே அந்தக் கிழவியின் இரண்டு வரியைச் சொன்னார். அதே மூச்சு. சுற்றி இருந்த கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம்தான், அதற்குள் அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நோட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒலிநூல் கேட்டு அந்தக் குரலைத் தேடிப் போகிறவர்களுக்கு இதுதான் நான் சொல்ல வேண்டியது. எழுத்தாளரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், வாசித்தவரைச் சுற்றி இருக்காது. முகம் தெரியாததால் கண்ணெதிரே நின்றாலும் தவறவிடுவீர்கள். அரங்கில் இருப்பவரிடம் பெயரைச் சொல்லி, "அவங்க வந்துட்டாங்களா? எங்க நிக்கிறாங்க?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கையெழுத்து வாங்க எதையாவது கொண்டு போங்கள், ஒலிநூலுக்கு முதல் பக்கம் கிடையாது. அந்த நாவலின் அச்சுப் பிரதி இருந்தால் நல்லது, இல்லையென்றால் நீங்கள் குறித்து வைத்த ஒரு தாளே போதும். ஊர் திரும்பிய பிறகு அமெரிக்காவின் ஆடி (Audie) விருதைப் பற்றிப் படித்தேன். 1996-இல் இருந்து ஒலிநூலுக்கென்றே கொடுக்கிறார்கள், வாசிப்பவருக்குத் தனிப் பிரிவும் உண்டு. அதே 2024 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் விழா நடந்தது. இங்கே புத்தகக் காட்சி மேடையில் எழுத்தாளர்களுக்குப் பொற்கிழி விருது கொடுக்கிறார்கள், பார்க்கவே நிறைவாக இருக்கிறது. அந்த மேடையில் ஒரு நாள், தண்ணீர் கேட்டு ஓரமாக நின்ற அந்த அம்மா மாதிரி ஒருவரின் பெயரையும் கூப்பிட வேண்டும். முதல் ஆளாக எழுந்து நின்று கை தட்டுவேன்.

அதற்கப்புறம் சந்தோஷத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். 5,400 ரூபாய் விலையுள்ள புத்தகங்கள், பத்து சதவீதக் கழிவு போக 4,860. கடைக்காரர்கள் கொடுத்த மெல்லிய பைகளில் பதினான்கு கிலோ. நந்தனம் மெட்ரோ வரைக்கும் தூக்குவதற்குள் வார் தோளில் இறங்கி ரத்தம் கட்டிவிட்டது, ஒரு வாரம் மிஷினில் உட்கார்ந்து கையைத் தூக்க முடியவில்லை. வழியில் பார்சல் சர்வீஸில் பாதியை 380 ரூபாய்க்குப் போட்டேன். நாலு நாள் கழித்து வந்த பார்சலில் இரண்டு புத்தகம் ஓரம் நனைந்து ஊதியிருந்தது. அப்படி வந்தால் வெயிலில் வைக்காதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். பத்துப் பத்துப் பக்கத்துக்கு நடுவே பழைய செய்தித்தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, தாளை மாற்றிக்கொண்டே இருந்து, காய்ந்ததும் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். என் இரண்டும் அப்படித்தான் பிழைத்தன. வாங்கும்போதே கடைக்காரரிடம் கனமான புத்தகங்களை அனுப்பித் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் உறை போடச் சொல்லுங்கள். முன்பு தபாலில் புத்தகங்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் பதிவு அஞ்சல் இருந்தது, அதை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதனால் அனுப்பும் செலவை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கணக்கை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் 560, வீணாய்ப் போன டிக்கெட் 560, ஆட்டோ 900, ரூம் 1,600, சாப்பாடு மெட்ரோ எல்லாம் 700, புதுச் செருப்பு 250, திரும்பி வர 1,100, பார்சல் 380. ஆக 6,050 ரூபாய், புத்தகத்தின் விலையைவிட அதிகம். கழிவில் மிச்சமானது 540. இதற்கு மேல் பொங்கல் நேரத்தில் இரண்டு நாள் தைக்காத கூலி 2,400. ஒரு வாடிக்கைக்காரி கோபித்துக்கொண்டு துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார். அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் போனதற்கு நான் வருந்தவில்லை. தெரியாத்தனத்தால் போன மூவாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் வருத்தம். புத்தகம் வாங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் சென்னைக்கு வரவே வேண்டாம். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, எங்கள் விருதுநகரில் 2022 நவம்பரில் நடந்தது. அங்கேயும் அதே பத்து சதவீதம், காலையில் போய் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். சென்னைக்கு ஓர் ஆளைப் பார்க்கவோ, சிறு பதிப்பகங்களைத் தேடவோ வாருங்கள். தேதியையும் பழக்கத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். அடுத்த தடவை பொங்கலை நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு 2024 டிசம்பர் 27-ஆம் தேதியே தொடங்கிவிட்டது.

தோள் ஆறியதும் முதல் வேலையாக ஒரு பை தைத்தேன். வெளியே ரெயின்கோட் துணி, உள்ளே கெட்டிக் காடா. அடிப்பாகம் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அதில் இரண்டு மடிப்பு. வார் இரண்டரை அங்குல அகலம், நடுவில் மெல்லிய ஸ்பாஞ்ச், பையின் அடிவரைக்கும் ஓட்டி நாலு வரித் தையல். எட்டு கிலோ அரிசியைப் போட்டுத் தெருவில் மூன்று சுற்று நடந்து பார்த்தேன், தோளில் தடம்கூட விழவில்லை. முதுகுப் பக்கம் ஜிப் வைத்து ஓர் உள்பை. அளவு நோட்டு அதில் கச்சிதமாக உட்காரும்.